கிழக்குச் சுவருக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு

நகராட்சியில் இன்ஜினியராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். குடிநீர் லைன் உடைந்தபோது திட்டு வாங்கினேன். மழையில் சாக்கடை பொங்கியபோது திட்டு வாங்கினேன். அதெல்லாம் நியாயமான திட்டு. பூங்கா கட்டித் தருகிறேன் என்று போய் நின்றதற்கு வாங்கினேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். உதவாவிட்டாலும் எனக்கு மனசு கொஞ்சம் லேசாகும்.

1. ஏகமனதாக

ஆவடிக்கு மேற்கே, ஏரியை ஒட்டியிருந்த வயலை மனை போட்டு விற்ற இடம் பொன்மலர் நகர். இப்படி லேஅவுட் போடுகிறவர்கள் பூங்காவுக்கென்று கொஞ்சம் நிலம் ஒதுக்கி நகராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் அதை ஓ.எஸ்.ஆர். இடம் என்போம். இங்கே அது முப்பது சென்ட். பல வருஷமாகக் கருவேல முள்ளும் கட்டட இடிபாடுமாகக் கிடந்தது. அதற்கு மேற்கே நகரின் வீடுகளும் ஒரு பெரிய அபார்ட்மெண்ட்டும். கிழக்கே ஏரிக்கரைத் தெரு என்ற பழைய குடியிருப்பு.

என் மேலதிகாரி கூப்பிட்டு, "இந்தத் தடவை மக்கள் பங்கேற்போட பண்ணணும்மா. கூட்டம் போடுங்க, கருத்துக் கேளுங்க, போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார். நான் கதவு வரைக்கும் போன பிறகு மறுபடி கூப்பிட்டு, "போட்டோ முக்கியம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அபார்ட்மெண்ட் ஹாலில் கூட்டம். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் கார்த்திக்தான் நகரின் வாட்ஸ்அப் குரூப்பை நடத்துகிறவர். "குரூப்ல போட்டுட்டேன் மேடம். எல்லாருக்கும் ரீச் ஆயிடுச்சு" என்றார். ஹால் நிறைந்திருந்தது. எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம் இருந்தது.

ஒரு அம்மா எழுந்து, "குழந்தைங்களுக்கு ஊஞ்சல் கண்டிப்பா வேணும் மேடம். ஆனா எங்க வீட்டுக்கு எதிர்ல வேணாம், சத்தம் வரும்" என்றார். அடுத்த தெருக்காரரும் அதையே சொன்னார். அதற்கடுத்த தெருவும் அதையே சொன்னது. எல்லாப் பக்கமும் யாராவது ஒருவருடைய வீடு இருந்தது. ஊஞ்சலை வானத்திலா தொங்கவிட முடியும்?

பெஞ்ச் என்றேன். "பெஞ்சு போட்டா கண்டவன் வந்து உக்காருவான்" என்றார்கள். பூங்காவில் உட்காராமல் வேறென்ன செய்வது என்று கேட்டேன். எட்டுப் போட்டு நடப்பார்களாம். சரி, எட்டு வடிவத்தில் நடைபாதை என்று எழுதிக்கொண்டேன். உடனே அந்த எட்டு வடக்கு தெற்காக இருக்க வேண்டுமா, கிழக்கு மேற்காக இருக்கலாமா என்று ஆரம்பித்தார்கள். கிழக்கு மேற்காக நடந்தால் முட்டி தேயும் என்றார் ஒருவர். இன்னொருவர் மொபைலில் யாரோ பேசும் வீடியோவைப் போட்டுக் காட்டினார். அரை மணி நேரம் இதற்கே போயிற்று. என் முட்டி அங்கேயே தேய்ந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் மட்டும் அமைதியாக என் டிராயிங்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அருணாசலம், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். திருநெல்வேலிக்காரர். ராணுவத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். சட்டைப் பையிலிருந்து சொந்த ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டு, "ஷட்டில் கோர்ட்டு நீளம் நாப்பத்திநாலு அடி வரணும்மா. நீங்க நாப்பத்திரண்டு போட்டிருக்கீங்க. பாத்துக்கிடுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். திருத்தினேன். அந்தக் கோர்ட் அவருடைய கனவு. நகரில் வீடு வாங்கின நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

எல்லாவற்றிலும் சண்டை போட்டவர்கள் ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்தார்கள். கிழக்குப் பக்கம் ஆறடிச் சுவர் வேண்டும், வாசல் வேண்டாம். மாடு வரும், வெளியாட்கள் வருவார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் மினிட்ஸில் என் கையாலேயே எழுதினேன்: "கிழக்குப் பக்கம் வாசல் தேவையில்லை என ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. ஆட்சேபணை ஏதுமில்லை."

டிராயிங்கில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர் அருணாசலம் சார் ஒருவர்தான். மற்றவர்கள் தங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். போட்டோ எடுத்து அனுப்பினேன். "வெரி குட்" என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சர்வே எடுத்தபோது அந்த நிலத்தின் குறுக்கே ஒற்றையடித் தடம் ஒன்று போவதைப் பார்த்திருந்தேன். மரத்தை டிராயிங்கில் காட்டினேன், மின்கம்பத்தைக் காட்டினேன், பழைய கிணற்றைக் காட்டினேன். தடத்தைக் காட்டவில்லை. முள்ளை வெட்டிச் சமப்படுத்தினால் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். தப்பு அங்கே ஆரம்பித்தது.

2. மூன்று நாள் அழிந்த கோடு

ஒர்க் ஆர்டர் கொடுத்து, முள் வெட்டி, மண் நிரவினோம். அடுத்தது மார்க்கிங். முளைக்குச்சி அடித்து நூல் கட்டி, நூலை ஒட்டிச் சுண்ணாம்புப் பவுடரைத் தூவிக்கொண்டே போக வேண்டும். அந்த வெள்ளைக் கோட்டில்தான் அஸ்திவாரம் தோண்டுவார்கள். முதலில் கிழக்குச் சுவருக்குக் கோடு போட்டோம். போட்டவர் டில்லிபாபு. எங்கள் ஒர்க் இன்ஸ்பெக்டர், அந்த ஏரியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்.

மறுநாள் போனால் கோடு நடுவில் அழிந்து கிடக்கிறது.

"இன்னா டில்லி இது?"

"மாடு மேடம். ராவுல மேஞ்சிகினு வந்திருக்கும். நான் திருப்பிப் போட்டு உட்றேன்."

போட்டார். அடுத்த நாளும் அதே இடத்தில் அழிந்திருந்தது. மாடு என்ன, தினமும் டயம் பார்த்து ஒரே இடத்திலா நடக்கும்? அதற்குள் கார்த்திக் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டார். பூங்கா வரவிடாமல் யாரோ சதி செய்கிறார்களாம். அருணாசலம் சார் நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"அந்தப் பக்கத்து ஆட்கதான் வேணும்னே அழிக்காங்க. போலீஸ்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுங்கம்மா."

"சுண்ணாம்பு அழிஞ்சதுக்கெல்லாம் கேஸ் எடுக்க மாட்டாங்க சார்."

"இன்னைக்குச் சுண்ணாம்பு, நாளைக்குச் சுவரு. நான் சொல்லுதேன், எழுதி வச்சுக்கிடுங்க."

மூன்றாம் நாளும் அழிந்தது. கான்ட்ராக்டர் ஆட்கள் கடப்பாரையோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் டில்லியிடம் நாலு பேர் முன்னால் கத்திவிட்டேன். அந்த மனிதர் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு கோட்டைத் திரும்பப் போடப் போனார். நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு நானே போய் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். ஆள் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்று முடிவு.

ஏழரைக்கு, ஏரிக்கரைத் தெருவிலிருந்து அந்தப் பழைய தடத்து வழியே வந்தார்கள். ஒரு பெண், வீல்சேரைத் தள்ளிக்கொண்டு. வீல்சேரில் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு சிறுமி, பதினாலு வயசிருக்கும், மடியில் புத்தகப் பை. கோட்டுக்கு முன்னால் அந்தப் பெண் நின்றாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கோட்டை மிதிக்காமல் காலை எட்டி வைத்தாள். பிறகு வண்டியைத் தள்ளினாள். சக்கரம் எட்டி வைக்குமா? கோட்டின் மேல் ஏறிப் போயிற்று. அவர்களுக்குப் பின்னாலேயே கம்பெனி வேனைப் பிடிக்க ஓடிய ஏழெட்டுப் பெண்கள் மிச்சத்தையும் அழித்தார்கள்.

அதட்ட வந்த நான், கூப்பிட்டுப் பெயர் கேட்டேன். அம்மா செல்வி. ஒரு ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. மகள் தேவி, ஒன்பதாவது படிக்கிறாள். ஸ்கூல் பொன்மலர் நகருக்கு அந்தப் பக்கம்.

"இங்க சுவர் வரப் போகுதே, தெரியுமா?" என்றேன்.

"கோடு போட்டப்பவே தெரியும் மேடம். இன்னா பண்றது, வர வரைக்கும் போலாம்னு போய்கினு கீறோம்."

"மெயின் ரோடு வழியா போக முடியாதா?"

"ஒரு தபா போனேன். பின்னால லாரிக்காரன் ஹாரன் அட்ச்சிகினே வந்தான். ஓரமா ஒதுங்குனா ப்ளாட்பாரமே இல்ல, சக்கரம் சாக்கடை உள்ள பூட்ச்சி. புள்ளைக்கு நெத்தியில நாலு தையலு. அந்த ரோட்டுல இன்னொரு தபா இவள இட்டுகினு போவ மாட்டேன். சுவரு வந்தா இஸ்கூல நிறுத்த வேண்டியதுதான்."

தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் நிக்க மாட்டேன்மா. சுவரு மேல ஏறியாவது போவேன்" என்றாள்.

"கூட்டம் போட்டோமே, ஏன் வந்து சொல்லல?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"எந்தக் கூட்டம்? எங்களாண்ட யாரு சொன்னா? ஞாயித்துக்கெழமன்னா எனக்கு டூட்டி மேடம்."

வெட்கமாக இருந்தது. டில்லியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அது இன்னா மேடம், உடுங்க" என்றார். ஆனால் அன்று முழுக்க என்னோடு அதிகம் பேசவில்லை.

3. பைக் சைஸ்

இரண்டாவது கூட்டத்தை அந்த நிலத்திலேயே வைத்தேன், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. குரூப்பை நம்பவில்லை. டில்லி ஏரிக்கரைத் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். டிராயிங்கை எடுத்துப் போகவே இல்லை. சுவர், கோர்ட், எட்டுப் பாதை எல்லாவற்றையும் தரையில் சுண்ணாம்பால் போட்டுவைத்தோம்.

டிராயிங்கில் கையெழுத்துப் போட்டவர்கள் அன்றுதான் முதல் தடவையாகப் பூங்காவைப் பார்த்தார்கள். "இவ்ளோ சின்னதா?" என்றார் ஒருவர். "நான் இதுக்கா கையெழுத்துப் போட்டேன்?" என்றார் இன்னொருவர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

செல்வி தன் விஷயத்தைச் சொன்னாள். கூட்டம் கொஞ்சம் இளகியது. கிழக்கே ஒரு வாசல் விட அருணாசலம் சாரே சம்மதித்தார். ஆனால் பைக் நுழையக் கூடாது என்றார். அதற்கு ஜிக்ஜாக் கேட் வைக்கலாம், இரும்புப் பைப்பை எதிரும் புதிருமாக நட்டு, ஆள் வளைந்து வளைந்து நுழைகிற மாதிரி. பேச்சோடு நிற்கவில்லை. டேப்பை எடுத்துக் குனிந்து, அங்குலக் கணக்கு பிசகாமல் சுண்ணாம்பால் தரையில் போட்டும் காட்டினார். தொழில் தெரிந்த மனிதர். அழகாகப் போட்டார்.

தேவி வீல்சேரை உருட்டிக்கொண்டு அதற்குள் போனாள். முதல் வளைவிலேயே சக்கரம் கோட்டின் மேல் ஏறி அதை அழித்தது. பின்னால் வந்து திரும்பப் போனாள். மறுபடி அழிந்தது.

"அங்கிள், நானும் பைக்கும் ஒரே சைசு. பைக்கு பூராதுன்னா நானும் பூர மாட்டேன்" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அருணாசலம் சார் சிரிக்கவில்லை. அகலத்தைக் கூட்டி மறுபடி போட்டார். தேவி நுழைந்தாள். டில்லி தன் பைக்கை எடுத்து வந்து அதே வழியில் நுழைந்து காட்டினார். அவர் வேண்டுமென்றுதான் செய்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது கார்த்திக். "மேடம், பார்க் டைமிங் காலைல அஞ்சுல இருந்து பத்து, சாயங்காலம் நாலுல இருந்து எட்டு. நடுவுல பூட்டிடுவோம். எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

"இஸ்கூல் மூணரைக்கு உட்றாங்க" என்றாள் செல்வி. "நாலு மணி வரைக்கும் எம் பொண்ணு கேட்டாண்ட குந்திகினு இருக்கணுமா?"

சாவியை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டேன். அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். பூங்கா வேண்டும், பூட்டு வேண்டும், சாவி மட்டும் யாருக்கும் வேண்டாம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. டில்லி கையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை வாங்கிக்கொண்டு வடக்கு ஓரத்துக்குப் போனேன். எல்லையிலிருந்து எட்டடி உள்ளே தள்ளி, கிழக்கிலிருந்து மேற்கு வரை நானே நடந்து கோடு போட்டேன். நூல்கூடக் கட்டவில்லை. "பார்க் இதுக்கு இந்தப் பக்கம். அந்த எட்டடி பாதை. கேட்டும் கிடையாது, பூட்டும் கிடையாது" என்றேன். என் கோடு நேராக ஷட்டில் கோர்ட்டின் மேல் போயிருந்தது.

அருணாசலம் சார் டேப்பை வைத்து அளந்தார். திருப்பி வைத்து இன்னொரு தடவை அளந்தார். கோர்ட்டுக்கு வேறு இடமில்லை. "கோர்ட்டு போச்சு" என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. எனக்கும் கஷ்டமாக இருந்தது. அவரைச் சமாதானப்படுத்தத்தான், "சார், நீங்க முதல்ல போட்ட ஜிக்ஜாக் நல்ல டிசைன். மேற்கே மெயின் கேட்ல வெச்சிடலாம், பைக் தொல்லை இருக்காது" என்றேன். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். செல்விக்கு வழி கிடைத்துவிட்டது, கிழக்கு வாசலும் தேவையில்லை, இனி என்ன? நான் ஒப்புதல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டடி நிலத்தை விட்டுக்கொடுத்ததற்காக ஆபீசில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்தப் பதிலை எழுதின நேரத்தில் இன்னொரு பூங்காவே கட்டியிருக்கலாம்.

பாதைக்குப் பேவர் பிளாக் பதிக்கும் நாளன்று அருணாசலம் சார் வந்தார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. மேற்கே ரோட்டோடு சேரும் சரிவைக் குனிந்து அளந்தார். "ராம்ப் ஒரு அடி ஒசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் இருக்கணும். இது ஒண்ணுக்கு எட்டுத்தான் இருக்கு. அந்தப் பிள்ள எப்படி ஏறும்? பேத்துப் போடச் சொல்லுங்க." பேர்த்துப் போட்டோம்.

4. கம்பிக்கு அந்தப் பக்கம்

திறப்பு விழாவுக்குப் பந்தல், மைக், சால்வை எல்லாம் இருந்தன. கல்வெட்டில் இடம் போதாத அளவுக்குப் பெயர்கள். ரிப்பன் வெட்டியதும் பெரியவர்கள் எட்டு நடக்கப் போனார்கள். குழந்தைகள் ஊஞ்சலுக்கு ஓடினார்கள். பெஞ்சே வேண்டாம் என்றவர்கள் முதல் ஆளாக பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்று மூச்சு விட்டேன். இன்னும் சில மாதத்தில் எனக்கு ரிடையர்மெண்ட். கடைசி வேலையை ஒழுங்காக முடித்துவிட்டோம் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

வடக்குப் பக்கம் சுவரை இடுப்பளவு எழுப்பி அதற்கு மேல் கம்பி போட்டிருந்தோம். அந்தக் கம்பிக்கு வெளியே, பாதையில், தேவி இருந்தாள். புதுச் சுடிதார், தலை நிறையப் பூ. செல்வி கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"இன்னாம்மா, அங்கயே நிக்கிற? உள்ள வாயேன்" என்றேன். மேற்கே கையைக் காட்டி, "கேட்டு அந்தப் பக்கம் இருக்கு பாரு" என்றும் சொன்னேன்.

தேவி என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அந்தக் கேட்டாண்டதான் மேடம் போய்ட்டு வரோம். அங்க அங்கிளோட பைப்பு கீது."

எனக்குப் பக்கத்தில் அருணாசலம் சார் கையில் காபியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது. காபியைச் சுவரின் மேல் வைத்துவிட்டு மேற்கே போனார். பைப்புகளுக்கு நடுவில் போய் நின்று, இரண்டு கையாலும் அகலத்தை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அளக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அளவு அவர் போட்டது. அதில் அவள் நுழைய முடியாது என்பதை நாங்கள் எல்லாரும் எங்கள் கண்ணால் பார்த்திருந்தோம்.

மறுநாள் காலை டில்லி போன் செய்தார். "மேடம், அருணாசலம் சாரு கேஸ் கட்டிங் ஆள இட்டாந்து பைப்ப அறுத்துகினு கீறாரு. இன்னா பண்றது?" நான் போவதற்குள் இரண்டு பைப் தரையில் கிடந்தன.

"சார், இது நகராட்சிச் சொத்து. பர்மிஷன் வேணும்."

"பர்மிஷன நீங்க வாங்குங்கம்மா. நான் அறுக்குதேன்."

வாங்கினேன். அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். இப்போது அந்த வாசலில் பைக் நுழைகிறது. வாரம் ஒருவர் எனக்கு போன் செய்து திட்டுகிறார். ரிடையர் ஆகிவிட்டேன் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தேவி சாயங்காலம் போய் எட்டுப் பாதையில் சுற்றுகிறாள் என்று டில்லி சொன்னார். எதிரில் நடக்கிறவர்கள்தான் ஒதுங்க வேண்டுமாம்.

பிள்ளைகளே, கூட்டம் போடுங்கள், கையெழுத்தும் வாங்குங்கள், அது ஃபைலுக்கு வேண்டும். ஆனால் தோண்டுவதற்கு முன்னால் தரையில் கோட்டைப் போட்டு நாலு நாள் விடுங்கள். யார் அழிக்கிறார்கள் என்று காலையில் போய்ப் பாருங்கள். கூட்டத்துக்கு வராதவர்கள் அங்கே வருவார்கள்.

இது நான் கற்ற பாதிப் பாடம்தான். மீதியைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. தேவி எந்த வழியாகக் கடந்து போவாள் என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவளுக்காகச் சண்டை போட்டேன், எட்டடி நிலம் கொடுத்தேன், திட்டு வாங்கினேன். அவளுக்கும் பூங்காவுக்குள் வர ஆசை இருக்குமே என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.